விபத்தில் அடிபட்ட பைக்கும் எஸ்டிமேட் கட்டணமும்

இருசக்கர வாகன இன்சூரன்ஸ் கோரிக்கைகளை ஆய்வு செய்யும் சர்வேயர் என்ற முறையில் நான் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. வண்டியை வேறு கடைக்குக் கொண்டுபோகிறேன் என்று உரிமையாளர் சொன்னதும், எஸ்டிமேட் போட்டதற்குப் பணம் கட்டிவிட்டு எடுத்துப் போங்கள் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிடுகிறார்கள். அப்படி வாங்கலாமா என்ற கேள்விக்கு, கடைக்காரர் என்ன வேலை செய்தார் என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஹெட்லைட் மாஸ்க், இண்டிகேட்டர், சைலன்சர் ஆகியவற்றின் சேதம் கண்ணுக்குத் தெரியும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் வண்டியின் சட்டமான சேஸும் வளைந்திருக்கின்றனவா என்பது பிரித்துப் பார்த்தால்தான் உறுதியாகும். கீழே விழுந்த வண்டியில் ஹேண்டில் ஒரு பக்கமும் முன்சக்கரம் வேறு பக்கமும் கோணிக்கொண்டு நின்றால், ஃபோர்க் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று எழுதிவிடுவது சுலபம். ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை நேராக்கி, மறுபடி முறுக்கினாலே சரியாகிவிடும் வண்டிகளும் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் ஃபோர்க் பைப்பைக் கழற்றி வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளம் உள்ள தாங்கு கட்டையில்) வைத்து உருட்டினால் வளைவு அங்கேயே தெரிந்துவிடும். இவ்வளவும் செய்த மெக்கானிக் கூலி கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, உதிரிபாக விலைப்பட்டியலை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு அதே தொகையைக் கேட்பதுதான் உறுத்துகிறது.

எஸ்டிமேட் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குவது அதைவிட மோசமானது, ஏனென்றால் தாளில் தொகை ஏற ஏறக் கட்டணமும் ஏறும். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறிக்கப்பட்ட காப்பீட்டு மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாக (பழுதுபார்க்கத் தகாததாக) கருதப்படும், ஐ.டி.வி. 60,000 ரூபாய் என்றால் அந்த எல்லை 45,000 ரூபாய். 38,000 ரூபாயில் முடியக்கூடிய வேலைக்கு 48,000 ரூபாய் என்று எஸ்டிமேட் வந்தால், சர்வேயர் அதைக் குறைத்துவிடுவார். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவருடைய வண்டியைப் பார்க்க எந்தச் சர்வேயரும் வரப்போவதில்லை. அவர் அந்தத் தாளை நம்பி, ஓடக்கூடிய வண்டியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடவும் கூடும்.

சொந்தச் சேதத்துக்கும் பாலிசி வைத்திருப்பவர்கள், வேலை செய்யாத கடைக்குக் கட்டிய எஸ்டிமேட் கட்டணத்தை இன்சூரன்ஸில் வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வழக்கமாக அது கிடைக்காது. தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி எடுத்திராவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும் என்பதால், கைப்பணம் ஏற்கெனவே போகும். சர்வேயருக்கு உரிய கட்டணத்தை இன்சூரன்ஸ் நிறுவனமே தருகிறது என்பதால், எங்கள் பெயரைச் சொல்லி யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

வண்டியைத் தடுத்து வைப்பதற்குச் சட்டத்தில் ஓரளவு இடம் இருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட பொருளின் மீது உழைப்போ திறமையோ செலுத்தியவர், உரிய கூலி கிடைக்கும்வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு. பிரித்துப் பார்த்த கடைக்காரர் இதைச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. கட்டணம் உண்டு என்று முன்பே வாய் திறக்காமல், வெறும் தாள் கொடுத்தவர் சொன்னால் அந்த வாதம் நிற்பது கடினம்.

ஆகவே வண்டியை விடும்போது வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்திடுவதற்கு முன்பே, எஸ்டிமேட்டுக்கு எவ்வளவு, அங்கேயே வேலை செய்தால் அது பில்லில் கழிக்கப்படுமா என்று கேட்டு, பதிலை அந்தக் கார்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரித்ததைத் திரும்பப் பூட்டும் கூலியும் அதில் அடக்கமா என்று பெரும்பாலோர் கேட்பதில்லை. கேட்காதவர்கள் கழற்றிய பாகங்களைச் சாக்கில் கட்டி எடுத்துப்போக நேர்வதும் உண்டு. சொல்லாத கட்டணத்தைக் கட்டித்தான் வண்டியை மீட்க வேண்டும் என்றால், ரசீதும் எஸ்டிமேட் நகலும் வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம்.