ஞானஸ்நானம் எடுத்தால் சட்டத்தில் என்ன மாறும்?

மகன் ஞானஸ்நானம் எடுத்துக் கிறிஸ்தவராகப் போகிறான் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் அம்மா கலங்கிப்போய் வந்தார். "பதிவுல இந்தியன்னு இருக்காதா? அவங்க அப்பா வீட்டுல பங்கு போயிடுமா?" தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், அந்த வீடு ஒன்றுதான் சொத்து.

இரண்டும் போகாது. இந்து கிறிஸ்தவராவதற்கு அரசாங்க அனுமதி எதுவும் தேவையில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு தரும் உரிமை அது. இனம் வேறு, மதம் வேறு. மலாய்க்காரர் என்பதற்கு அரசியலமைப்பில் மதம் ஒரு நிபந்தனை. இந்தியருக்கு அப்படி ஏதும் இல்லை.

சொத்து விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் வீட்டில் சண்டை வருகிறது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்பத்தில் முஸ்லிம் அல்லாதவருக்கு 1958 பங்கீட்டுச் சட்டம். அது பிள்ளையா என்றுதான் பார்க்கிறது, கோயிலுக்குப் போகிறாரா சர்ச்சுக்குப் போகிறாரா என்று பார்ப்பதில்லை. உயில் இருந்தால் உயிலில் உள்ளபடி.

ஏற்கெனவே பதிவான கல்யாணமும் அப்படியே நிற்கும். 1976 திருமணச் சட்டம் இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் ஒன்றுதான். ஒருவர் மட்டும் மதம் மாறினார் என்பதற்காக மறுபடி பதிய வேண்டியதில்லை.

அப்புறம் ஐசி, அதாவது மைகார்டு என்னும் அடையாள அட்டை. முஸ்லிம் அல்லாதவரின் மைகார்டில் மதம் வெளியே அச்சாகாது, சிப்பில்தான் இருக்கும். ஞானஸ்நானப் பெயர் தானாக ஐசிக்கு வராது. பெயரையோ மதப் பதிவையோ மாற்ற விரும்பினால் தேசியப் பதிவு இலாகாவுக்குத்தான் போக வேண்டும். எந்தெந்தப் பத்திரம் வேண்டும் என்று முதலில் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். ஈப்போ வரை இரண்டு தடவை அலைந்தால் இரண்டு நாள் சம்பளம் போகும்.

இதெல்லாம் முஸ்லிம் அல்லாதவருக்கு மட்டும். பதிவில் இஸ்லாம் என்று இருப்பவர் வெளியேற ஷரியா நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும் என்று 2007 லீனா ஜாய் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெரியாமல் அப்படிப் பதிவாகிவிட்டது என்றால் பாஸ்டரை அல்ல, வழக்கறிஞரைப் பாருங்கள்.

வயதையும் கவனியுங்கள். 18 ஆகாத பிள்ளையின் மதத்தை முடிவு செய்வது பெற்றோர். இஸ்லாத்துக்கு மாற்றப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற தாயின் வழக்கில், தாய் தந்தை இருவரும் சம்மதிக்க வேண்டும் என்று 2018 ஜனவரி 29-இல் தீர்ப்பு வந்தது. அந்த அம்மாவின் மகனுக்கு 19. மதத்தை அவனே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் 21 ஆகும்வரை, சர்ச்சில் கல்யாணம் செய்வதானாலும் அப்பாவின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும்.