கப்பல் வராததால் மட்டும் மருந்து தீர்ந்துபோவதில்லை

மறுபடியும் அதேதான். வலிப்பை நிறுத்தும் ஊசி மருந்து ஒரு வார்டு அலமாரியின் அடித்தட்டில் பெட்டியோடு எக்ஸ்பயரி ஆகிக் கிடந்தது. அதே மாதத்தில், இரண்டு மாடி கீழே இருக்கும் அவசரப் பிரிவில், அதே ஊசிக்காக நோயாளியின் மகனை வெளிக்கடைக்கு ஓடவிட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "சப்ளை இல்லைங்க." மருத்துவமனை மருந்து ஸ்டோரில் வேலை பார்க்கிறவள் நான். இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் மீதிப் பாதியை யாரும் தேடிப் போவதில்லை.

புதிதாக வேலைக்குச் சேரும் மருந்தாளுநர்களுக்கு இதை விளக்க நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ரொம்பப் பழையது. பிரிட்டனிடமிருந்து விடுதலை கேட்டு 1775-லிருந்து 1783 வரை போரிட்ட அமெரிக்கர்களின் கான்டினென்டல் ராணுவம். தளபதி ஜார்ஜ் வாஷிங்டன். அந்த ராணுவத்தின் மருந்துக் கணக்கைப் படிக்கப் படிக்க, நம் ஸ்டோர்களில் இன்று நடக்கிற தவறுகள் ஒவ்வொன்றாக அதில் வந்து நிற்கும்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். போருக்கு முன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குத் தேவையான மருந்துகளில் பெரும்பகுதி பிரிட்டன் வழியாகத்தான் வந்தது. பேதிக்குக் கொடுக்கும் ஜாலப் மெக்சிகோவில் விளையும். வாந்தி எடுக்கவைக்கும் இபிகாக் பிரேசிலில். முறைக்காய்ச்சலுக்கான (மலேரியா போல விட்டு விட்டு வரும் காய்ச்சல்) சிங்கோனா பட்டை தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில். (நம் நீலகிரியில் சிங்கோனா நடப்பட்டதெல்லாம் 1860-களில். போர்க் காலத்தில் ஆண்டிஸ்தான் எல்லோருக்கும் கதி.) எதிரியே சப்ளையர் என்றால் என்ன ஆகும்? போர் வெடித்ததும் வரத்து நின்றது, விலை ஏறியது. பிடிபட்ட பிரிட்டிஷ் கப்பல்களில் கிடைத்த மருந்தும், பிற்பாடு பிரான்ஸிலிருந்து வந்ததும் ஓரளவு கைகொடுத்தன.

சிங்கோனா பட்டையைப் பற்றி ஒரு விஷயம், இது எங்கள் தொழில்காரர்களுக்கு. அதிலிருந்து காய்ச்சலை அடக்கும் சத்தான குயினைனைப் பிரித்தெடுத்தது 1820-ல்தான். அதற்கு முன் பட்டையை இடித்த தூளை அப்படியே விழுங்க வேண்டும். ஒரு காய்ச்சல் விட்டு அடுத்தது வருவதற்குள் ஒரு அவுன்ஸ், அதாவது கிட்டத்தட்ட 30 கிராம் தூள் கொடுக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. ஆளுக்கு இவ்வளவு என்றால் ஒரு படைக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, மீதிப் பாதிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1775 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் ராணுவத்துக்கென ஒரு மருத்துவத் துறையை அமைத்தது. 20,000 பேர் கொண்ட படைக்கு ஒரு இயக்குநர், நான்கு அறுவை மருத்துவர்கள், இருபது உதவியாளர்கள். மருந்தாளுநர்? ஒரே ஒருவர். முதல் இயக்குநர் பெஞ்சமின் சர்ச் சில மாதங்களிலேயே எதிரிக்குத் தகவல் அனுப்பியதாகப் பிடிபட்டார். அடுத்து வந்தவர் டாக்டர் ஜான் மார்கன். படித்தவர், கண்டிப்பானவர். ஆனால் அவர் கைக்கு வந்த அமைப்பில் ஆரம்பத்திலேயே ஒரு ஓட்டை. நோயாளிகளைப் பார்க்க இரண்டு தரப்பு இருந்தது. ஒன்று, இயக்குநரின் கீழ் பொது மருத்துவமனை. இன்னொன்று, ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் (படைப் பிரிவுக்கும்) தனித்தனி டாக்டர். மருந்து யார் வாங்குவது, யார் கணக்கு வைப்பது, ரெஜிமென்ட் டாக்டர் கேட்டால் பொது ஸ்டோரிலிருந்து எவ்வளவு கொடுப்பது என்பதற்குத் தெளிவான விதியே இல்லை.

மார்கன் கணக்கு கேட்டார். கையில் என்ன இருக்கிறது, எத்தனை நோயாளி, எவ்வளவு செலவு என்று எழுதிக் கொடுங்கள் என்றார். ரெஜிமென்ட் டாக்டர்களுக்கு அது அவமானமாகப் பட்டது. தங்கள் ஆட்கள் கூடாரத்தில் செத்துக்கொண்டிருக்க, பொது மருத்துவமனை மருந்தைப் பூட்டி வைத்திருக்கிறது என்றார்கள். கணக்கு காட்டாமல் வாங்கிப் போய் வீணாக்குகிறார்கள் என்றது மார்கன் தரப்பு. 1776 செப்டம்பரில் வாஷிங்டனே காங்கிரஸுக்குக் கடிதம் எழுதுகிறார்: இந்தச் சண்டையில் அடிபடுவது நோயாளிகள், ரெஜிமென்ட் டாக்டர்களில் பலர் மருந்தையும் மற்றப் பொருள்களையும் அளவுக்கு மீறி வாங்கிச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று. ஒரு போரை நடத்திக்கொண்டிருக்கும் தளபதி இன்டென்ட் (ஸ்டோரிடம் மருந்து கேட்டு எழுதும் சீட்டு) தகராறைத் தீர்க்க உட்கார வேண்டியிருந்தது!

இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதுதான் என்னை வருத்துவது. பதுக்கிய டாக்டர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த முறை கேட்டால் கிடைக்குமா என்ற பயம் வந்துவிட்டால் நல்ல மனிதரும் இரண்டு மடங்கு எழுதி வாங்குவார். அவர் இரண்டு மடங்கு வாங்கினால் அடுத்தவருக்குக் கிடைக்காது. அவரும் பயப்படுவார், அவரும் இரண்டு மடங்கு எழுதுவார். தண்ணீர் லாரி வராது என்று ஒரு வதந்தி கிளம்பினால் தெருவில் எல்லாக் குடமும் வரிசைக்கு வந்துவிடுகிறதே, அது போலத்தான். மொத்த இருப்பு அப்படியேதான் இருக்கும். தேவைப்படும் இடத்தில் மட்டும் இருக்காது.

அதே 1776 ஆகஸ்டில் வடக்கே ஜார்ஜ் ஏரிக் கரைக் கோட்டையிலிருந்து டாக்டர் ஜொனாதன் பாட்ஸ் மார்கனுக்கு எழுதிய கடிதத்தை நான் வகுப்பில் தவறாமல் சொல்வேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் கொட்டகைகளில் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். வயிற்றுக்கடுப்பு, விஷக்காய்ச்சல், பெரியம்மை. பார்க்க இவரைத் தவிர நான்கு டாக்டர்கள், நான்கு உதவியாளர்கள். மருந்துக் கடையில் ஜாலப், இபிகாக், சிங்கோனா பட்டை, பேதி உப்பு, அபினி எதுவும் ஒரு குன்றிமணி எடை கூட இல்லை. சுற்றுவட்டாரத்தில் வாங்கவும் வழியில்லை.

அந்த வடக்குப் பகுதிக்கு யார் பொறுப்பு? மார்கனா, அங்கே ஏற்கெனவே நியமிக்கப்பட்டிருந்த டாக்டர் சாமுவேல் ஸ்டிரிங்கரா? இருவரும் தனக்குத்தான் அதிகாரம் என்றார்கள். காங்கிரஸ் 1777 ஜனவரியில் இருவரையும் ஒரே நாளில் வேலையை விட்டு நீக்கியது. அதனால் மருந்து வந்துவிடவில்லை. 1779-ல் மார்கன் மேல் குற்றமில்லை என்று அதே காங்கிரஸ் சொன்னது. ஸ்டோர் காலியானதும் ஸ்டோர்கீப்பரை மாற்றுகிற நிர்வாகிகள் இந்த இடத்தை இரண்டு தரம் படிக்க வேண்டும்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணத்தின் மதிப்பு சரிந்து, 1780 மார்ச்சில் 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று அவர்களே அறிவிக்கும் நிலை வந்தது. அந்தப் பணத்துக்கு எந்த மருந்து வியாபாரி சரக்குக் கொடுப்பான்? நிலுவையை வருடக்கணக்கில் வைத்துவிட்டு "கம்பெனிக்காரன் சப்ளை பண்ணல" என்று சொல்வது இன்றும் நடக்கிறது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் தொட்டுவிடுகிறேன். "அந்தக் காலத்தில் கிடைத்த செடி கொடியை வைத்தே சமாளித்தார்கள், நமக்கு மட்டும் எதற்கு இத்தனை மாத்திரை" என்பவர்கள் நிறையப் பேர். உண்மைதான், ஜாலப்புக்குப் பதில் பட்டர்நட் மரப்பட்டையும், சிங்கோனாவுக்குப் பதில் டாக்வுட் மரப்பட்டையும் பயன்பட்டன. பட்டர்நட் பேதியாகும், அந்த வேலையைச் செய்தது. டாக்வுட் கசக்கும், ஆனால் அதில் குயினைன் கிடையாது. மாற்று மருந்து என்ற பெயருக்குள் இந்த இரண்டுமே அடங்கும். எது எது என்று தெரிந்தவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

மருந்து இல்லாத கஷ்டத்தையே ஒழுங்காக எதிர்கொண்டவர்களும் அந்த ராணுவத்தில் இருந்தார்கள். பென்சில்வேனியாவில் லிட்டிட்ஸ் என்ற ஊரின் ராணுவ மருத்துவமனையில் இருந்த டாக்டர் வில்லியம் பிரவுன், 1778-ல் லத்தீனில் 32 பக்க மருந்துக் கையேடு ஒன்றைத் தொகுத்தார். அமெரிக்காவில் வெளிவந்த முதல் மருந்துக் கையேடு அதுதான். நம் பற்றாக்குறைக்கும் வறுமைக்கும் ஏற்ப அமைத்தது என்று முகப்பிலேயே போட்டுவிட்டார். அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன நட்சத்திரக் குறி. குறியிட்ட மருந்துகளைப் பொது மருந்து தயாரிப்புக் கூடத்தில் மொத்தமாகத் தயாரிக்க வேண்டும், மற்றவற்றை அந்தந்த மருத்துவமனையில் தேவைக்கேற்பக் கலந்துகொள்ளலாம். எதை எங்கே செய்வது என்று எழுதி வைத்துவிட்டாலே பாதி வீண் நின்றுவிடும். அப்புறம் ஆண்ட்ரூ கிரேகி. ராணுவத்தின் தலைமை மருந்தாளுநர். 1777 ஏப்ரலில் துறையைத் திருத்தி அமைத்தபோது, மருந்தைப் பெறுவது, தயாரிப்பது, மருத்துவமனைகளுக்கும் படைக்கும் அனுப்புவது எல்லாம் மருந்தாளுநர்களின் வேலை என்று எழுத்தில் வந்தது. கார்லைல் ஊரில் கிரேகி நடத்திய கூடத்திலிருந்து மருந்துப் பெட்டிகள் போயின. தட்டுப்பாடு தீரவில்லை. ஆனால் எங்கே கேட்பது என்பதாவது தெரிந்தது.

மருந்தை விட அதிகம் காப்பாற்றியவையும் உண்டு, மருந்தாளுநரான நானே சொல்கிறேன். 1777-ன் தொடக்கத்தில் வாஷிங்டன் படை முழுவதற்கும் பெரியம்மைப் பால் குத்த உத்தரவிட்டார். 1777-78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் சண்டையே நடக்கவில்லை, ஆனாலும் 2,000 பேர் அளவுக்கு நோயில் இறந்தார்கள். அதைப் பார்த்த பிறகு கழிப்பிடம் எங்கே, குடிசை எப்படி என்பதில் கவனம் வந்தது. மோரிஸ்டவுனில் டாக்டர் ஜேம்ஸ் டில்டன் நோயாளிகளை ஒரே கூடத்தில் அடைக்காமல், காற்றோட்டமான சின்ன மரக் குடிசைகளில் பிரித்து வைத்தார். ஒருவர் காய்ச்சல் இன்னொருவருக்குத் தொற்றுவது குறைந்தது. மருந்து குறைவாக இருக்கும்போது நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஸ்டோர் நிர்வாகம்தான்.

இனி நேரடியாகச் சொல்கிறேன். வார்டு பொறுப்பில் இருக்கும் சிஸ்டர்களே, பயத்தில் இன்டென்ட் போடாதீர்கள். போன மாதம் செலவானதைப் பார்த்துப் போடுங்கள். மூன்று மாதத்துக்குள் எக்ஸ்பயரி ஆகப்போவதை ஒளித்து வைக்காமல் ஸ்டோருக்குத் திருப்புங்கள், திட்ட மாட்டோம். ஸ்டோர்காரர்களே, திருப்புகிறவரை நிஜமாகவே திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை அது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். முதலில் காலாவதி ஆவது முதலில் வெளியே போக வேண்டும். புதுப் பெட்டியை முன்னால் அடுக்கும் சோம்பேறித்தனத்தை இன்றோடு விடுங்கள். இருப்பு எந்த அளவுக்கு இறங்கினால் ஆர்டர் போடுவது என்று உயிர்காக்கும் மருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் எழுதி ஒட்டுங்கள்.

எங்கிருந்தோ வந்த மருந்தைத் தட்டுப்பாட்டின் பெயரால் அலமாரியில் சேர்க்காதீர்கள். 1776-ல் பிரிட்டிஷ்காரர்கள் பாஸ்டனை விட்டுப் போனபோது அவர்கள் மருத்துவமனையில் சிதறிக் கிடந்த மருந்துகளில் ஆர்செனிக் கலந்திருந்ததாக டாக்டர் ஜான் வாரன் சாட்சியம் சொன்னார். வேண்டுமென்றே கலந்தார்களா என்பது வேறு விவாதம். பேட்ச் நம்பரும் பில்லும் இல்லாத மாத்திரைப் பட்டியை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்தியில் தட்டுப்பாடு என்று வந்ததும் ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்காதீர்கள், தயவுசெய்து. நீங்கள் வாங்கும் ஐந்தாவது பட்டி இன்னொரு வீட்டின் முதல் பட்டி. உங்கள் மருந்தின் மூலப்பெயரை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கம்பெனி மாத்திரை இல்லை என்றால் அதே மருந்து வேறு பெயரில் இருக்கிறதா என்று எங்களால் உடனே பார்த்துச் சொல்ல முடியும். வலிப்பு, சர்க்கரை, இதய நோய்க்கான மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்னால் வாருங்கள். கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வந்து நின்றால், இல்லாததை எங்கே போய்த் தேடிக் கொடுப்பது?