எதிரே இருப்பவருக்கு எந்தக் கார் தெரியும்?

கட்டங்களாகப் பிரித்த அடுக்குத் தட்டில் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று பொம்மைக் கார்கள். இந்தப் பக்கம் பிள்ளை, எதிர்ப்பக்கம் பெரியவர். மிகச் சிறிய கார் பெரியவருக்கு மறைந்திருக்கிறது. பிள்ளைக்கு அது தெரியும். "சின்னக் காரை நகர்த்து" என்கிறார் அவர். எதை நகர்த்துவது? அவர் கண்ணுக்குச் சின்னது நடுத்தரக் கார்தான்.

2015இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரே மொழியோடு வளர்ந்தவர்கள் ஏறத்தாழப் பாதி அளவுதான் சரியாகச் செய்தார்கள். இருமொழிப் பிள்ளைகளோ நான்கில் மூன்று பங்கு. சரி, அது எதிர்பார்க்கக்கூடியதுதான். வியப்பு மூன்றாவது கூட்டத்தில் இருந்தது. இன்னொரு மொழி பேச வராது, சுற்றிவரக் கேட்டு மட்டும் வளர்ந்த பிள்ளைகளும் இருமொழிப் பிள்ளைகளுக்குச் சமமாகச் செய்தார்கள். யார் யாரோடு எந்த மொழி பேசுகிறார், யாருக்கு எது விளங்கும் என்று கவனித்துக் கவனித்தே, மற்றவர் பார்வை வேறு என்பது பிள்ளைக்குப் பழகிவிடுகிறதாம்.

இலங்கையின் வடக்கே வன்னிக் கிராமங்களில் பல பிள்ளைகளுக்கு அந்தச் சூழல் வாய்ப்பதில்லை. ஆங்கிலமோ சிங்களமோ பாடவேளையில்தான் காதில் விழும். அதுவும் சொல் மனனம், பரீட்சை என்று போனால் மொழியைப் பேசும் மனிதர் அந்த வகுப்புக்குள் வரவே மாட்டார்.

அதன் விளைவைப் பார்க்கலாம். "தண்ணி தாங்கோ" என்பதில் மரியாதை முழுக்க அந்த 'ங்கோ'வில் இருக்கிறது. ஆங்கில வினைக்கு அப்படியொரு வால் கிடையாது. 'கிவ் மீ வாட்டர்' என்று பிழையில்லாமல் கேட்கும் பிள்ளை, வெள்ளைக்காரர் காதுக்கு அதட்டுவதுபோல இருக்கும். அவர்கள் 'பிளீஸ்' சேர்த்து, அதையும் கேள்வியாக்கித்தான் கேட்பார்கள். இதை நடித்துப் பழக வேண்டும். இலக்கணப் பயிற்சியில் இது பிடிபடாது.

மொழி வகுப்பில் பண்பாடு என்றதும், புத்தர் பண்டிகையான வெசாக்குக்கு விளக்குக் கூடு ஒட்டி, கொடி வரைந்து முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதாது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போய்வந்த தரம் 4 பிள்ளையிடம், அதே கண்ணகியைச் சிங்களவர்கள் பத்தினி தெய்யோ என்று கும்பிடுகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். அவர்களும் பொங்குவார்களா? வற்றாப்பளையில்போல கடல்நீரில் விளக்கெரிப்பார்களா? கேள்விகள் தானாக வரும். ஆசிரியர் உதவியோடு அவற்றை எளிய சிங்களத்தில் எழுதித் தெற்கில் ஒரு வகுப்புக்கு அனுப்பலாம். பதில் வரச் சில வாரம் ஆகும். அதற்குள் சிங்கள எழுத்துகளைப் படித்து முடித்துவிடலாம்.