மேடைப் படபடப்பும் ஒத்திகையும்

பெயரை அறிவித்ததிலிருந்து முதல் சில வாக்கியங்களைச் சொல்லி முடிக்கும் வரையிலான நேரம்தான் மேடைப் பேச்சில் மிகக் கடினமானது. பேசுபவர்களின் இதயத் துடிப்பை அளந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. பெரும்பாலானோருக்குப் பேச்சின் தொடக்கத்தை ஒட்டித் துடிப்பு உச்சத்துக்குப் போகிறது. பிறகு பேசப் பேசத் தணிகிறது. முழுப் பேச்சையும் நினைத்து அஞ்சி உறக்கத்தைத் தொலைப்பவர்கள் இதை அறிந்திருந்தால் பாதி பாரம் குறையும்.

அந்தத் தொடக்க நேரத்தில் உடலுக்குள் என்ன நடக்கிறது? பல கண்கள் ஒரே நேரத்தில் நம் மேல் பதிவதை மூளையின் அமிக்டலா என்னும் சிறு பகுதி ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் வழியாக, உடலை அவசரத்துக்குத் தயார்செய்யும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் ஹார்மோனை ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு புரள்கிறது. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் விளக்கிய 'போரிடு அல்லது ஓடு' ஏற்பாடு இது. மேடையில் நிற்பவருக்கோ போரிட ஆளில்லை, ஓடவும் வழியில்லை.

எல்லோருடைய தசைகளிலும் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நடுக்கம் ஒன்று உண்டு. அட்ரினலின் அதைப் பெரிதாக்குகிறது. விரல்கள் நடுங்குவது அரங்கில் இருப்பவர்களுக்கு அநேகமாகத் தெரியாது. ஆனால் கையில் ஒற்றைத் தாள் இருந்தால் அதன் மேல்நுனி படபடவென்று அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். மைக் அருகில் இருந்தால் சத்தமும் கேட்கும். தாளை மேசைமேல் வைத்துவிடலாம், அல்லது உள்ளங்கை அளவுள்ள கெட்டி அட்டையில் குறிப்பு எழுதிக்கொள்ளலாம். குரலுக்கும் இதே நிலைதான். குரல்வளைத் தசைகள் இறுகுவதால் குரல் வழக்கத்தைவிட உச்சத்தில் ஒலிக்கிறது. மூச்சு மேலோட்டமாகிவிடுவதால் நீண்ட வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் காற்றில்லாமல் தேய்ந்துபோகின்றன. உமிழ்நீர் குறைந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. தொடக்க வாக்கியங்கள் குட்டையாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அட்ரினலினுக்குப் பின்னால் மெதுவாக வருவது கார்டிசால் என்னும் ஹார்மோன். பதற்றம் தொடங்கி ஏறத்தாழ இருபது, முப்பது நிமிடங்கள் கழித்தே ரத்தத்தில் அதன் அளவு உச்சம் தொடும். ஆய்வுக்கூடத்தில் இதை வரவழைக்க உலகெங்கும் பயன்படும் முறை ஒன்று 1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவானது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன் ஐந்து நிமிடங்கள் பேச வேண்டும். பிறகு 1022இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். யாரையும் அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற எண்ணம் ஒன்றே உடலை உலுக்கப் போதுமானதாக இருக்கிறது. கார்டிசால் மிகும்போது, நினைவில் இருப்பதை வெளியே எடுப்பது கடினமாகும். நன்றாகத் தெரிந்த பெயர் கூட மேடையில் வர மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு வருகிறேன். பிறர் உடனிருப்பது நம்மைக் கிளர்ச்சியடையச் செய்கிறது, அந்தக் கிளர்ச்சி நம்மிடம் ஏற்கெனவே ஊறிப்போன செயலையே முன்னுக்குத் தள்ளுகிறது என்று 1965இல் உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் வாதிட்டார். 1969இல் அவரும் சக ஆய்வாளர்களும் கரப்பான் பூச்சிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு ஓட நேர்வழி இருந்தபோது, மற்ற கரப்பான்கள் 'பார்வையாளர்களாக' அருகில் இருந்தால் அவை இன்னும் வேகமாக ஓடின. வழியில் திருப்பம் வைத்தபோது அதே பார்வையாளர்கள் முன் அவை திணறித் தாமதமாயின. நன்கு பழகியதைக் கூட்டம் மெருகேற்றும். அரைகுறையாகப் பழகியதைக் கெடுக்கும். ஒத்திகை ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

ஆனால் எதை ஒத்திகை என்கிறோம்? எழுதி வைத்ததைக் கண்ணால் திரும்பத் திரும்பப் படிப்பதில் பயன் குறைவு. படித்ததை மறுபடி படித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் காட்டினார்கள். எனவே தாளைக் கவிழ்த்து வையுங்கள். எழுந்து நின்று, வாய்விட்டு, அரங்கில் பேசும் அதே குரலில் பேசுங்கள். முழுவதையும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சொல் நழுவினாலும் அறுந்த மணிமாலைபோல் எல்லாம் சிதறிவிடும். முதல் ஒரு நிமிடப் பேச்சை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பகுதிகளுக்குக் கருத்துகளின் வரிசையும், ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வாக்கியமும் போதும். பிறகு ஒருவர் முன், அடுத்து நால்வர் முன் என்று பேசிப் பாருங்கள். அச்சத்தைப் படிப்படியாகப் பழக்கித் தணிப்பது உளவியல் சிகிச்சையில் நெடுங்காலமாகக் கையாளப்படும் வழி.

மேடையேறும் முன் மூச்சைச் சற்று நீட்டி வெளியே விடுங்கள். வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு அதன் வேகத்தைக் குறைக்கிறது. 'அமைதியாக இரு' என்று மனத்தை அதட்டுவது அவ்வளவாக உதவுவதில்லை. 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசியதை 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். இரண்டிலும் இதயம் துடிக்கத்தான் செய்கிறது, அதற்கு நாம் வைக்கும் பெயர் மாறுகிறது. இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் தணிக்கும் புரோப்ரனலால் போன்ற மாத்திரைகளும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவை ஆபத்தாக முடியலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நம் பதற்றம் முழுவதும் வெளியே தெரிகிறது என்றுதான் ஒவ்வொருவரும் நினைக்கிறோம். கேட்பவர்களுக்கு அதில் சிறு பகுதியே தெரிகிறது. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே கேட்டறிந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். ஆகவே 'மன்னிக்கவும், எனக்குக் கொஞ்சம் பதற்றமாக இருக்கிறது' என்று தொடங்காதீர்கள். அதுவரை கவனிக்காதவர்களும் அதன் பிறகு உங்கள் கைகளைத்தான் பார்ப்பார்கள்.