உங்கள் வண்டி நம்பரை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

காவல்துறைகள் பயன்படுத்தும் கணினி அமைப்புகளைத் தணிக்கை செய்வது என் வேலை. ஒருமுறை நம்பர் பிளேட் கேமராக்களின் தேடல் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் தேடினார், எப்போது, எந்த நம்பரை, என்ன காரணத்துக்காக என்று நான்கு பத்திகள். காரணப் பத்தியில் பெரும்பாலும் 'விசாரணை' என்ற ஒற்றைச் சொல்தான். சில இடங்களில் அதுவும் இல்லை, வெறும் ஒரு புள்ளி. பெட்டி காலியாக இருந்தால் கணினி தேடவிடாது, அதனால் புள்ளி வைத்துவிட்டுத் தேடியிருக்கிறார்கள். அப்படிப் புள்ளி வைத்தவர்களில் ஒருவர், ஒரே நம்பரை மூன்று வாரமாக, பணி முடியும் நேரத்தில் தேடிக்கொண்டே இருந்தார்.

இந்தக் கேமரா கடந்து போகும் ஒவ்வொரு வண்டியையும் படம் பிடித்து, நம்பரைப் படித்து, தேடப்படும் வண்டிகளின் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் உடனே எச்சரிக்கை வரும். திருடுபோன வண்டிகள் இப்படித்தான் சிக்குகின்றன. அதில் எனக்கு மறுப்பே இல்லை. என் கவலையெல்லாம் பொருந்தாத வண்டிகளைப் பற்றியது. கிட்டத்தட்ட எல்லா வண்டிகளும் அந்த ரகம்தானே! கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கையாளரின் 2020 அறிக்கைப்படி, லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை சேர்த்து வைத்திருந்த 32 கோடி படங்களில் 99.9 சதவீதம், எடுத்த நேரத்தில் எந்தப் பட்டியலோடும் பொருந்தாதவை.

ஒரு படத்தை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஆறு மாதப் படங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். எந்த மருத்துவமனைக்குப் போகிறீர்கள், எங்கே சாமி கும்பிடுகிறீர்கள், எந்தப் போராட்டத்துக்குப் போனீர்கள், இரவில் யார் வீட்டு வாசலில் உங்கள் வண்டி நிற்கிறது என்று எல்லாம் வந்துவிடும்.

அதனால் இந்தக் கேமராக்களைப் பற்றிய ஒரு சட்டத்தைப் படித்தால் நான் முதலில் தேடுவது, பொருந்தாத பதிவு எப்போது அழிகிறது என்ற வரியைத்தான். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டம் 3 நிமிடத்துக்குள் அழிக்கச் சொல்கிறது. அதே நாட்டில் வருடக்கணக்கில் வைத்திருக்கும் காவல்துறைகளும் உண்டு. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2008இல், ஒப்பிட்டவுடன் தடயமின்றி அழித்துவிட்டால் உரிமை மீறல் இல்லை என்றது. 2018இல் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, உடனே அழித்தாலும் அந்தச் சோதனையே உரிமையில் தலையிடுவதுதான், அதற்குத் தகுந்த காரணம் வேண்டும் என்றது. நானும் அந்தக் கட்சிதான்.

அடுத்தது, தவறாகப் படிப்பது. 2009இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பெண்மணியின் நம்பரில் இருந்த 3ஐக் கேமரா 7 என்று படித்தது. இரவு நேரம், படம் மங்கல். கேமரா வைத்திருந்த காவலர் வாக்கி டாக்கியில் தகவல் சொன்னார். வண்டியை மறித்த காவலர், முன்னவர் சரிபார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். திருடுபோனது வேறு நிறுவனத்தின் பிக்கப் டிரக், இவர் ஓட்டி வந்தது கார். அந்த வித்தியாசத்தைக்கூட யாரும் கவனிக்கவில்லை. துப்பாக்கி முனையில் மண்டியிட வைத்து விலங்கு மாட்டினார்கள். எச்சரிக்கை வந்தால், வண்டியை நிறுத்தும் முன் நம்பரையும் வண்டியின் ரகத்தையும் கண்ணால் பார்த்து ஒப்பிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிடலாம். பெரிய செலவில்லை, அரை நிமிட வேலை.

சரி, காரணப் பெட்டியில் வைத்த அந்தப் புள்ளிக்கு வருகிறேன். கான்சாஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூரின் காவல் தலைவரே, பிரிந்துபோன காதலியின் வண்டியை இப்படி நூறு முறைக்கும் மேல் தேடியது பின்னால் அம்பலமானது. அதைத் தடுக்க வழக்கு எண் இல்லாமல் தேட முடியாதபடி கணினியையே அமைக்க வேண்டும். அந்த எண் உண்மையானதுதானா என்று வெளியாள் ஒருவர் மாதாமாதம் சோதிக்க வேண்டும். பக்கத்து ஊர்க் காவல்துறைக்குத் தரவைத் திறந்துவிட்டால், அவர்களுடைய தேடல்களும் இதே தணிக்கைக்குள் வர வேண்டும். பெரும்பாலும் ஓட்டை விழுவது அங்கேதான்.

நான் பார்த்த அந்தத் தேடல்களை அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். துறைக்குள் விசாரணை நடந்தது. ஆனால் அந்த நம்பருக்குச் சொந்தக்காரருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும் என்று அங்கே எந்த விதியும் இல்லை. உங்கள் பகுதியில் இப்படி ஒரு சட்டத்துக்கான வரைவு வந்து, மக்களிடம் கருத்துக் கேட்டால், அந்த ஒரு விதியையாவது கேட்டு எழுதுங்கள்.