மெர்ஜர்: இணைப்பா, உள்ளீர்ப்பா?

நல்லூர்த் திருவிழா தொடங்கி நாலாம் நாள். ரொறன்ரோவில் இருந்து வந்திருந்த மச்சாளும் நானும் நயினாதீவுக்குப் போக, வள்ளம் வெளிக்கிடும் குறிகட்டுவான் துறை வரைக்கும் வான் பேசிக்கொண்டு நின்றோம்.

"அண்ணை, குறிகட்டுவான் போய்ப் பின்னேரம் திரும்பி வரவேணும். எவ்வளவு எடுப்பியள்?"

வான்காரர் ஒரு தொகை சொன்னார். மச்சாள் பேரம் பேசவில்லை. "சரி அண்ணை, மற்றவரிட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்று திரும்பினார். பத்தடி தள்ளி இன்னொரு வெள்ளை வான் நின்றது. நாங்கள் அதை எட்டுவதற்குள் பின்னால் குரல் கேட்டது. ஆயிரம் ரூபாய் குறைந்திருந்தது.

வானில் ஏறிய பிறகு மச்சாள் தன் கதையைச் சொன்னார். சில மாதங்களுக்கு முன் அமெரிக்காவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனபோது விமான நிலையத்தில் எடுக்க வாடகைக் கார் பார்த்திருக்கிறார். ஒரு நிறுவனத்தில் விலை கூட என்று விட்டுவிட்டு இன்னொன்றில் பார்த்தால் அங்கும் ஏறக்குறைய அதே விலை. வேறு வழியில்லாமல் இரண்டாவதிலேயே பதிந்திருக்கிறார். "இறங்கிப் போனால் ரெண்டுக்கும் ஒரே கவுண்டர், ஒரே பிள்ளை நிண்டு திறப்புத் தருது. அது ஏதோ மெர்ஜராம். இனி ஆரிட்டைப் போய் மற்றவரிட்டைக் கேட்டுப் பாப்பம் எண்டு சொல்லுறது?"

பிறகு கேட்டார்: "மெர்ஜருக்குத் தமிழ் என்ன?" இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகிப் போவதற்கான ஆங்கிலச் சொல்லைத்தான் கேட்டார்.

'இணைப்பு' என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லின் பிறப்பு. இலத்தீனில் 'மெர்கெரே' என்றொரு வினை உண்டு. பொருள்: நீருக்குள் அமிழ்த்துதல், மூழ்கடித்தல். நீரில் முக்குளித்து மீன் பிடிக்கும் பறவையை இலத்தீன்காரர் அதே வேரில் 'மெர்குஸ்' என்றார்கள். பண்ணைப் பாலத்தால் போகிறவர்கள் இந்தக் காட்சியைத் தினமும் காணலாம். கடலேரி மேல் மிதக்கும் நீர்க்காகம் சடாரென்று தலைகீழாக உள்ளே போகும். சற்றுத் தள்ளி வெளியே வரும்போது அலகில் ஒரு மீன் துடிக்கும். ஒரு விழுங்கு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மீன் என்று தனியாக ஒன்றில்லை, நீர்க்காகம் மட்டும்தான் இருக்கும்.

அந்த வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்ட மொழிக்கு வந்தது. அங்கே முதலில் அது நிறுவனங்களைப் பற்றிய சொல் அல்ல, காணி பூமியைப் பற்றிய சொல். நீங்கள் ஒரு காணியைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். பிறகு அந்தக் காணியையே விலைக்கு வாங்கிவிடுகிறீர்கள். உங்களுக்கு நீங்களே குத்தகை கட்ட முடியாது. குத்தகை என்ற சின்ன உரிமை ஆட்சியுரிமை என்ற பெரிய உரிமைக்குள் அமிழ்ந்து இல்லாமல் போகிறது. அதற்குத்தான் 'மெர்ஜர்' என்று பெயர். சின்னது பெரிதுக்குள் மறைவது என்ற கருத்து சொல்லின் எலும்பிலேயே இருக்கிறது. நிறுவனங்களுக்கு அது பின்னர்தான் வந்து ஒட்டியது.

இனித் தமிழுக்கு வருவோம். 'இணைப்பு' என்பதன் வேர் 'இணை'. இணை என்றால் சோடி. இணையடி என்றால் இரண்டு பாதங்கள். இணையற்றவர் என்றால் ஒப்பானவர் வேறில்லாதவர். ஆகவே தமிழ்க் காதில் இணைப்பு என்று விழுந்தவுடன் ஒத்த நிலையில் உள்ள இரண்டு பக்கம் பக்கமாக வந்து நிற்கும் படம்தான் எழும். யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. வடக்கு கிழக்கு இணைப்பு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். 1988இல் இணைத்த மாகாணங்களை, அந்த இணைப்புச் செல்லாது என்ற 2006ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பு பிரித்தது. எங்கள் ஊரில் அந்தச் சொல் ஏக்கமும் வழக்கும் சேர்ந்தது. அதை எடுத்து, ஒரு நிறுவனம் இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்கிய செய்திக்குத் தலைப்பாகப் போடும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. வாங்கியவர் யார், விற்கப்பட்டவர் யார் என்பதை அந்தச் சொல் மூடி மறைக்கிறது.

வாடகைக் கார் உலகத்தையே எடுத்துக்கொள்வோம். ஹேர்ட்ஸ் 1918இல் சிக்காகோவில் ஒரு டசின் ஃபோர்ட் கார்களோடு தொடங்கியது. ஏவிஸ் 1946இல் டெட்ரொயிட்டுக்குப் பக்கத்து விமான நிலையம் ஒன்றில் பிறந்தது. என்டர்பிரைஸ் 1957இல் சென்ற் லூயிஸில். ஒவ்வொன்றும் தனித்தனி வீடு, தனித்தனி அடுப்பு. இன்று அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கும் ஒருவர் காணும் பெயர்ப்பலகைகளில் பெரும்பாலானவை மூன்றே குடும்பத்துக்குள் அடக்கம். என்டர்பிரைஸ், நெஷனல், அலமோ மூன்றும் ஒருவருடையவை. இந்தச் சேர்க்கை நடந்தது 2007இல். ஏவிஸ், பட்ஜெட், பேலெஸ் இன்னொருவருடையவை. ஹேர்ட்ஸ், டொலர், திரிஃப்டி மூன்றாமவருடையவை. கனடாவிலேயே வளர்ந்த டிஸ்கவுன்ட் நிறுவனமும் இப்போது என்டர்பிரைஸ் குடும்பத்தில்தான். மச்சாள் 'மற்றவர்' என்று நினைத்துப் போனது, அண்ணன் வீட்டு முன்வாசலில் இருந்து அதே வீட்டுப் பின்வாசலுக்கு.

ஹேர்ட்ஸ் கதை கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. டொலரும் திரிஃப்டியும் ஆதியில் வேறு வேறு நிறுவனங்கள். கிறைஸ்லர் கார் நிறுவனம் இரண்டையும் வாங்கி வைத்திருந்து, 1997இல் டொலர் திரிஃப்டி என்று ஒரே குழுமமாக வெளியே விட்டது. 2010இல் அந்தக் குழுமத்தை வாங்க ஹேர்ட்ஸ் கை நீட்டியது. ஏவிஸும் போட்டிக்கு வந்தது. இழுபறி முடிந்து 2012இல் ஏறத்தாழ 230 கோடி அமெரிக்க டொலருக்கு ஹேர்ட்ஸ் கையில் அது விழுந்தது. இதனால் போட்டி குறையும் என்று அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு ஒரு நிபந்தனை போட்டது: ஹேர்ட்ஸ் தன்னிடம் இருந்த அட்வான்டேஜ் என்ற சின்ன நிறுவனத்தை வேறொருவருக்கு விற்க வேண்டும், அது தனியாக நின்று போட்டி போட வேண்டும். நோக்கம் நல்லது. ஆனால் ஒரு வருடம் ஆகும் முன்னரே, 2013இல், அட்வான்டேஜை நடத்திய நிறுவனம் வங்குரோத்து என்று நீதிமன்றம் ஏறியது. போட்டியாளர் ஒருவரைக் காகிதத்தில் படைத்துவிடலாம். அவர் கார்களையும் கடனையும் வாடிக்கையாளரையும் தூக்கிக்கொண்டு பெரியவர்கள் நடுவில் நிற்பது வேறு சங்கதி.

இந்தச் சேர்க்கைகளைப் பார்க்கும்போது பள்ளிக்கூடத்தில் படித்த புணர்ச்சி விதிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. தமிழ் இலக்கணம் இரண்டு சொற்கள் சேரும்போது என்ன ஆகும் என்பதை எவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது! பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை, இரண்டும் அப்படியே நிற்கும், இயல்பு. பூவும் கொடியும் சேர்ந்தால் பூங்கொடி, நடுவில் புதிதாக ஒன்று தோன்றும். பொன்னும் குடமும் பொற்குடம், ஒன்று திரியும். மரமும் வேரும் மரவேர், ஒன்று கெடும். நிறுவனங்களும் இப்படித்தான் புணர்கின்றன. ஏவிஸும் பட்ஜெட்டும் பெயரளவில் இயல்புப் புணர்ச்சி. நெஷனலையும் அலமோவையும் வைத்திருந்த வான்கார்ட் என்ற தாய் நிறுவனத்தின் பெயரோ கெட்டே போனது. பயணிக்கு ஆபத்தானது இயல்புப் புணர்ச்சிதான் என்பேன். பெயர் கெட்டால் ஒருவர் போய்விட்டார் என்பது தெரியும். பெயர்கள் அப்படியே நின்றால் இன்னும் இருவர் இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டே இருப்போம்.

இது அமெரிக்காவோடு நிற்கும் கதை அல்ல. எங்கள் கைத்தொலைபேசியைப் பாருங்கள். டயலொக், மொபிட்டல், எடிசலாட், ஹட்ச், எயார்டெல் என்று ஐந்து இருந்தன. 2018இல் எடிசலாட் ஹட்சுக்குள் போனது. 2024இல் எயார்டெல் டயலொக்குக்குள் போனது. இப்போது மூன்று. 072 இலக்கம் வைத்திருந்தவருக்கு இன்றும் 072தான், அதனால் மாற்றம் கண்ணில் படவில்லை. சிங்கப்பூரில் 2018இல் ஊபர் தன் தென்கிழக்காசிய வியாபாரத்தை அதே தொழிலில் இருந்த கிராப்புக்கு விற்றது. அந்த நாட்டுப் போட்டி ஆணைக்குழு கணக்குப் பார்த்தபோது, சலுகைகள் கழித்த பயணக் கட்டணம் 10 முதல் 15 சதவீதம் வரை ஏறியிருந்தது. இரண்டு நிறுவனங்களுக்குமாக ஒரு கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் டொலர் தண்டம் விதித்தார்கள். 'மற்றவரிட்டைக் கேட்டுப் பாப்பம்' என்ற வாசகத்துக்கு ஒரு விலை உண்டென்றால் அந்தச் சதவீதம்தான் அது.

இலங்கையில் 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் நிறுவனங்கள் ஒன்றையொன்று சேர்த்துக்கொள்வதை ஆராயும் அதிகாரம் இருந்தது. அதன் இடத்துக்கு 2003இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வந்தபோது அந்த அதிகாரம் கூட வரவில்லை. எங்களுக்கு இது பெரிய இழப்பு. இதைப் பற்றித் தமிழில் பேசுவோரும் குறைவு. பேசச் சரியான சொல் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வழியில் வாடகை என்ற சொல்லையும் தொட்டுவிடுகிறேன். அது 'பாடக' என்ற வடசொல்லின் வழி வந்தது, இந்தியில் 'பாடா' என்று நிற்பதும் அதே வேர். தமிழ் தன்னிடம் வைத்திருந்த சொல் கூலி: குடிக்கூலி, வண்டிக்கூலி. யாழ்ப்பாணத்தின் ஹயரும் பழைய ஆங்கிலத்தில் கூலி என்ற பொருளில் இருந்து வந்ததுதான். எங்கள் பேச்சில் ஹயர் என்றால் சாரதியோடு வரும் வான், ரென்ட் என்றால் நாமே ஓட்டுவது. ஹயர் என்றாலே எனக்கு ஒஸ்ரின் கார் நினைவு வரும். போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகையும் இருமலுமாக அவை ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் போய்வந்தன. ஒவ்வொரு காருக்கும் ஒரு சொந்தக்காரர், ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒரு முகம்.

சரி, மச்சாளின் கேள்விக்கு விடை. புழக்கத்தில் உள்ள சொற்களைப் பார்த்தேன். கையகப்படுத்தல், சுவீகரிப்பு இரண்டும் அரசு எடுத்துக்கொண்ட எங்கள் காணிகளோடு ஒட்டிப்போன சொற்கள். அறிவித்தல் ஒட்டிய வேலியும் கம்பிக்கட்டையும்தான் கண்ணில் வரும். விரும்பி விற்பவரிடம் விரும்பி வாங்கியதற்கு அவை பொருந்தா. சங்கமம் விழா மேடைக்கு நல்லது. கொள்வனவு தெளிவான இலங்கைத் தமிழ், ஒரு நிறுவனம் இன்னொன்றின் பங்குகளை வாங்கும் செயலுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். வாங்கிய பிறகு வாங்கப்பட்டது பெரியதன் உடம்புக்குள் போகிறதே, அதற்கு ஒரு சொல் வேண்டும்.

அந்தச் சொல்லும் எங்களிடமே இருக்கிறது: உள்ளீர்ப்பு. தொண்டர் ஆசிரியர்களை நிரந்தர சேவைக்குள் உள்ளீர்க்க வேண்டும் என்று எத்தனை பதாகைகளில் பார்த்திருக்கிறோம். உள்ளே ஈர்த்துக்கொள்வது. நீர்க்காகம் மீனுக்குச் செய்வதும் அதுதான், இலத்தீன் வேர் சொல்வதும் அதுதான். ஒத்த பலமுள்ள இரண்டு நிறுவனங்கள் பழைய பங்குகளைக் கலைத்துப் புதிதாக ஒன்றாகும் அரிய சந்தர்ப்பத்துக்கு 'இணைப்பு' இருக்கட்டும்.

இன்னொரு நன்மையும் உண்டு. 'இரு நிறுவனங்களும் இணைந்தன' என்று எழுதினால் வசனம் முடிந்துவிடும், எந்தக் கேள்வியும் எழாது. 'உள்ளீர்த்தது' என்று எழுத வெளிக்கிட்டால் இலக்கணமே மறிக்கும்: எது, எதை? எழுவாயும் செயப்படுபொருளும் இல்லாமல் அந்த வினை நிற்காது. '2012இல் ஹேர்ட்ஸ், டொலர் திரிஃப்டியை உள்ளீர்த்தது.' 'உள்ளீர்த்த நிறுவனம்', 'உள்ளீர்க்கப்பட்ட நிறுவனம்' என்று பெயரெச்சமாகவும் தடங்கலின்றி வரும்.

குறிகட்டுவானில் வள்ளத்துக்கு வரிசையில் நின்றபோது இதை மச்சாளுக்குச் சொன்னேன். அவர் தொலைபேசியைத் திறந்து அந்த அமெரிக்கப் பயணத்தின் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தார். மேலே பெரிதாகத் தான் பதிந்த நிறுவனத்தின் பெயர். விரல்களால் படத்தை விரித்து விரித்து அடிப்பக்கம் போனார். மிகச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதில் இருந்தது மற்றவரின் பெயர்.