தெருவில் படுத்திருப்பவரும் பொலிஸும்: சட்டம் எதுவரை, உதவி எங்கே

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கடை விறாந்தையில் வயோதிபர் ஒருவர் சில நாட்களாகப் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 119க்கு அழைக்கிறார், பொலிஸ் வருகிறது. அப்புறம் என்ன நடக்க வேண்டும்?

வீடில்லாதவர்களுக்கென்று இலங்கையில் தனிச்சட்டம் இல்லை. பொலிஸின் கையில் இருப்பவை ஆங்கிலேயர் காலத்துச் சட்டங்கள். அதில் முதலாவது 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். முதல் தடவை குற்றவாளியானால் 14 நாள் வரை மறியல் அல்லது பத்து ரூபாய் வரை தண்டப்பணம் என்று அது சொல்கிறது. இன்றைக்குப் பத்து ரூபாய்க்கு ஒரு பிளேன்ரீ கூட வராது. சட்டம் எந்தக் காலத்தில் நிற்கிறது என்பதற்கு அந்தத் தொகையே போதும்.

ஆனால் தெருவில் இருப்பதெல்லாம் குற்றம் என்று அந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிச்சை எடுப்பது குற்றமாக வேண்டுமென்றால், அவர் உழைத்துச் சாப்பிடக்கூடியவராக இருந்தும் வேண்டுமென்றே மறுத்திருக்க வேண்டும். நடக்க முடியாத கிழவரை அதற்குள் கொண்டுவர முடியாது. நேர்த்திக்காக யாத்திரை போகிறவர்களுக்கு விலக்கும் இருக்கிறது. செல்வச் சந்நிதி முருகன் கோயிலில் இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார் வழியில் கையேந்தினால் இந்தச் சட்டம் அவரைத் தொடாது. விறாந்தையில் படுப்பதற்கும் இதே மாதிரித்தான். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இருக்க வேண்டும், பிழைப்புக்கு வழி எதுவும் தெரியாமல் இருக்க வேண்டும், தன்னைப் பற்றிச் சரியான விளக்கம் கொடுக்காமலும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் குற்றம். கடைக்காரர் “இரவில் படுத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை” என்று சொல்லிவிட்டால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

இரண்டாவது, 1907இல் வந்த தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டம். ஆதரவின்றித் திரிபவர் என்று தோன்றுகிறவரைப் பொலிஸ் நீதவான் முன் கொண்டுபோகலாம். நீதவான் விசாரித்து, தடுப்பு இல்லத்துக்கு அனுப்ப உத்தரவிடலாம். அப்படியொரு இல்லம் அம்பாந்தோட்டை மாவட்டத்து ரிதியகமவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பேச்சுத் துணைக்கு நாலு பேரும் கோயில் அன்னதானமும் இருக்கிற ஒருவரை, மொழி தெரியாத தென்கோடிக்கு அனுப்புவதை உதவி என்று சொல்ல எனக்கு மனம் வராது. இந்த வழிக்குப் போகுமுன் கீழே சொல்கிற வழிகளைப் பார்க்கச் சொல்லிப் பொலிஸிடம் கேளுங்கள்.

வந்திருக்கிற பொலிஸ் முதலில் பார்க்க வேண்டியது உடம்பு. காய்ச்சலோ காயமோ மயக்கமோ இருந்தால் 1990 அம்புலன்ஸ். அது இலவசம், பொலிஸ் வராவிட்டாலும் நீங்களே அழைக்கலாம். மனம் குழம்பியவர் போலத் தெரிந்தாலும் போக வேண்டிய இடம் பொலிஸ் கூடு அல்ல, ஆஸ்பத்திரி. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. யாரை அழைப்பது என்று தெரியாவிட்டால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

அடுத்தது, என்னைக் கேட்டால் பொலிஸ் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஒரு பதிவு. தெருவில் இருப்பவர்களிடம் பெரும்பாலும் அடையாள அட்டை இருக்காது. தொலைந்திருக்கும், நனைந்து கிழிந்திருக்கும், சிலருக்கு இடப்பெயர்வோடு போயிருக்கும். அட்டை இல்லாவிட்டால் முதியோர் கொடுப்பனவும், அஸ்வெசும என்கிற அரசின் நலன்புரிக் கொடுப்பனவும் எடுப்பது கஷ்டம். தொலைந்த அட்டைக்குப் பதில் அட்டை எடுக்க முதலில் கேட்பது பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி. அதை வைத்துக்கொண்டுதான் கிராம அலுவலரிடம் போய் விண்ணப்பிக்க முடியும். முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். கையெழுத்து வைக்குமுன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறப்புப் பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

“எந்தக் கிராம அலுவலர்? இவருக்கு விலாசமே இல்லையே” என்று கேட்பீர்கள். இங்கேதான் அலைச்சல் தொடங்கும். கடைசியாக வாழ்ந்த ஊரின் கிராம அலுவலர் ஆளைத் தெரியும் என்று சொன்னால் காரியம் சுலபம். அவர் கையை விரித்தால், இப்போது படுத்திருக்கிற இடத்துப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைப் பிடிக்க வேண்டும். முதியோர் இல்லத்துக்கான கதவும் அவர்தான். வடமாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் கீழ் கைதடியில் முதியோர் இல்லம் இருக்கிறது. பொலிஸ் ஆளை நேரே ஜீப்பில் ஏற்றி அங்கே இறக்கிவிட்டு வருவதல்ல முறை. உத்தியோகத்தரின் விசாரணையும் சிபாரிசும் வேண்டும். முக்கியமாக, அவருக்கும் போகச் சம்மதம் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் இருந்தும் தெருவுக்கு வந்தவர்கள் எங்களூரில் குறைவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைத் தானே பராமரிக்க முடியாத 60 வயது கடந்தவர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு அதற்கான சபைக்கு விண்ணப்பிக்கலாம். மாதாமாதம் இவ்வளவு கொடு என்று சபை உத்தரவு போடும். “பிள்ளையை வழக்குக்கு இழுக்கிறதோ” என்று பல ஆச்சிமார் மறுத்துவிடுவார்கள். அதை அவர்கள் விருப்பத்துக்கே விட வேண்டும்.

தெருவில் இருப்பது சிறுவர் என்றால் முறை முற்றிலும் வேறு. 1929க்கு அழைத்தால் போதும். பொலிஸின் சிறுவர் பெண்கள் பிரிவும் நன்னடத்தை உத்தியோகத்தரும் நீதவானும் அதைப் பார்ப்பார்கள். பிள்ளையைப் பிச்சைக்கு விடுகிற பெரியவர் தண்டனைச் சட்டக் கோவைப்படி குற்றவாளி, பிள்ளை அல்ல.

சரி, பொலிஸ் இதையெல்லாம் செய்யாமல் ஆளைப் பிடித்துக்கொண்டு போனால்? காரணத்தைச் சொல்ல வேண்டும், அது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரண சட்டப்படி 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அடித்தாலோ, லொறியில் ஏற்றி வேறு ஊரில் இறக்கிவிட்டாலோ, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்குச் சொல்லலாம். யாழ்ப்பாணத்திலும் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் அவகாசம். ஆகவே எந்தப் பொலிஸ் நிலையம், என்ன நேரம், வாகன இலக்கம் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். வழக்குப் பேசக் காசில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.